ஒரு பள்ளியைத் தொடங்க என்ன வேண்டும்?

கடந்த பருவத்தில் கல்வி நிருவாகப் பாடத்துக்காக எங்கள் விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். நான்கு நான்கு பேராகக் குழு பிரிந்து, ஒரு புதிய தொடக்கப்பள்ளியைக் காகிதத்தில் தொடங்கிக் காட்ட வேண்டும். எந்த நாடு, எந்த வகைப் பள்ளி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார். ஒரு குழுவுக்கு ஜப்பானியக் கிராமப்பள்ளி கிடைத்தது. இன்னொரு குழுவுக்குப் பின்லாந்து. எங்கள் சீட்டைப் பிரித்தால், "அமெரிக்கா: தனித்தியங்கும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி" என்று எழுதியிருந்தது. எங்கள் குழுவில் தமிழர் இருவர், மலாய்த் தோழி ஒருத்தி, சீனத் தோழர் ஒருவர். நால்வரில் ஒருவர்கூடக் கத்தோலிக்கர் இல்லை. "டாக்டர், சீட்டை மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே முடியாது என்றுவிட்டார்.

மற்ற மூவருக்கும் அந்தத் தலைப்பு அந்நியமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. நான் ஆறு ஆண்டுகள் படித்த தமிழ்ப்பள்ளியின் பெயரிலேயே ஒரு கிறிஸ்தவப் புனிதை இருக்கிறார். பள்ளி வாசலில் ஒரு மாதா சிலை உண்டு. நெற்றியில் திருநீற்றோடு அந்தச் சிலையைக் கடந்துதான் நாங்கள் வகுப்புக்குப் போவோம். சோதனை நாள்களில் சில பிள்ளைகள் அங்கே நின்று கைகூப்பிவிட்டும் போவார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அந்தப் புனிதை யார், நம் பள்ளிக்கு ஏன் அவர் பெயர் என்று அந்த ஆறு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிறகு புகுமுக வகுப்பு, தேசிய இடைநிலைப்பள்ளி, எஸ்பிஎம் என்று காலம் ஓடிவிட்டது.

இடுபணி கிடைத்த அதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் பழைய பள்ளியில் கூட்டம் ஒன்று நடந்தது. அம்மா அழைத்துக்கொண்டு போனார். பள்ளியில் இப்போது 38 மாணவர்கள். நான் படித்தபோது நூற்றுக்கும் மேல் இருந்தோம். நம் நாட்டில் 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறார்கள். நாங்கள் அந்த வரம்புக்கும் வெகு கீழே போய்விட்டோம். பள்ளியைப் புதிய தாமான் பக்கம் மாற்றலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. இருக்கும் இடத்திலேயே காப்பாற்ற வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "மாத்துனா பேரு இருக்குமா? நெலம் அவங்களோடது, பேரும் அவங்க குடுத்தது" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, பள்ளிக்கூடத்தப் பத்தித்தானே யுனிவெர்சிட்டியில படிக்கிற, நீ சொல்லேன்" என்றார். எனக்கும் தெரியவில்லை. அன்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் அமெரிக்கப் பள்ளியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் 'தனித்தியங்கும்' என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் பங்குப் பள்ளிதான். பங்கு என்பது ஒரு தேவாலயமும் அதைச் சார்ந்த மக்களும். அந்தத் தேவாலயத்தின் பக்கத்திலேயே பள்ளி இருக்கும். பங்குத்தந்தைதான் அதன் மேலதிகாரி. சில பள்ளிகளை மறைமாவட்டம், அதாவது ஆயரின் நிருவாகம், நேரடியாக நடத்துகிறது. வேறு சில துறவற சபைகளுக்குச் சொந்தமானவை. இவற்றில் எதிலும் சேராமல், பெற்றோர்களோ மற்றப் பொதுநிலையினரோ கூடி ஒரு வாரியம் அமைத்து, தாங்களே பணம் திரட்டி, தாங்களே தலைமையாசிரியரை நியமித்து நடத்துவது தனித்தியங்கும் பள்ளி. சமயம் ஒன்றுதான், பாடநூல்கூட ஒன்றாக இருக்கலாம். கட்டடக் கூரை ஒழுகினால் யார் பணம் கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு.

இத்தகைய பள்ளிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். எலிசபெத் ஆன் சீட்டன் என்பவர் நியூயார்க்கைச் சேர்ந்தவர். கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். 1805இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். 1809இல் மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் போய், அடுத்த ஆண்டே அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அங்கே அவர் நிறுவிய அருட்சகோதரிகள் சபை பின்னர் பல ஊர்களில் பள்ளிகளை நடத்தியது. 1975இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அமெரிக்காவில் பிறந்தவர்களில் முதலில் அப்பட்டம் பெற்றவர் அவர்தான்.

அந்நாளில் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் முறை வேத வாசிப்பும் செபமும் நடந்தன. அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, போலந்து நாடுகளிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள், தம் பிள்ளைகள் அங்கே போனால் தங்கள் சமயத்தை மறந்துவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். சில பங்குப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியும் போலிஷ் மொழியும் பயிற்று மொழிகளாகவே இருந்தன. இதைப் படித்தபோது நம் தமிழ்ப்பள்ளி நினைவுக்கு வராமல் போகுமா? 1884இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுமன்றம், ஒவ்வொரு தேவாலயத்தின் அருகிலும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பள்ளி எழ வேண்டும் என்று ஆணையிட்டது. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது அல்லவா? அங்கே ஆயர்களின் ஆணை, இங்கே காலனித்துவ அரசின் சட்டம். ஆணை இட்டவர்கள் வேறு என்றாலும், இரண்டு இடத்திலும் சின்னச் சின்னப் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

எதிர்ப்பும் இருந்தது. ஒரிகன் மாநிலம் 1922இல், எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பள்ளி நடத்தி வந்த ஓர் அருட்சகோதரிகள் சபை வழக்குத் தொடுத்தது. பள்ளிகளை மேற்பார்வையிட அரசுக்கு உரிமை உண்டு, ஆனால் எல்லாரையும் அரசுப் பள்ளிக்கே போகக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1925இல் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளி நடத்தும் உரிமைக்கு அமெரிக்காவில் இன்றும் இந்தத் தீர்ப்பே அடித்தளம்.

1960களின் நடுவில் அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் மாணவர்கள் படித்தார்கள். இன்று ஏறத்தாழ 17 லட்சம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. குடும்பங்கள் நகர மையத்தை விட்டுப் புறநகருக்குப் போனது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது என்று காரணங்கள் பல. ஆனால் பணத்தின் பக்கம் பார்த்தால் ஒரு காரணம் தனித்து நிற்கிறது. அது அருட்சகோதரிகளின் எண்ணிக்கை. 1965இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,80,000 சகோதரிகள் இருந்தார்கள். இன்று 40,000க்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். அன்று ஐந்து வகுப்புக்கு ஐந்து சகோதரிகள் என்றால், அவர்கள் மடத்தில் தங்கி, சபைக்குக் கிடைக்கும் சிறு உதவித்தொகையில் வாழ்ந்து, ஐம்பது அறுபது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் சொன்னார்கள். கட்டணம் மிகக் குறைவாக இருந்ததற்கு அந்தப் பெண்களின் சம்பளமில்லாத உழைப்புதான் காரணம். அவர்கள் இல்லாமற்போனதும் பள்ளிக்கூடத்தின் உண்மையான விலை வெளியே தெரிந்தது. பங்குகள் அதைத் தாங்க முடியாமல் பள்ளிகளை மூடின. மூடிய ஊர்களில் சில பெற்றோர்கள் தாங்களே முன்வந்தார்கள். வேறு சில ஊர்களில் இருக்கும் பள்ளியின் பாடமுறையோ சமயக் கல்வியோ பிடிக்காமல் புதிதாகத் தொடங்கினார்கள். தனித்தியங்கும் பள்ளிகளில் பல இப்படி வந்தவைதான்.

சரி, தொடங்குகிறோம் என்று வையுங்கள். முதல் வேலை என்ன? எங்கள் குழு முதல் நாள் கூடியபோது சீருடைக்கு நிறம் பார்த்தோம். இரண்டாம் நாள் பள்ளிச் சின்னம். என் தோழி பள்ளிப்பாட்டுக்கு மெட்டுகூடப் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள்தான், பள்ளிக்குப் பெயர் வைக்கவே நமக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 803ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. திருச்சபை அதிகாரம் நடத்துவது, அல்லது அந்த அதிகாரம் எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டது மட்டுமே கத்தோலிக்கப் பள்ளி. உள்ளடக்கத்தில் முழுக்கக் கத்தோலிக்கமாகவே இருந்தாலும், இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் 'கத்தோலிக்கப் பள்ளி' என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. 805ஆம் விதிப்படி சமயப் பாட ஆசிரியரை நியமிக்கவோ ஏற்கவோ நீக்கவோ ஆயருக்கு உரிமை உண்டு. 806ஆம் விதிப்படி அவர் பள்ளிக்கு வந்து பார்வையிடலாம். அதே விதியில் எனக்குப் பிடித்த ஒரு வரியும் உண்டு: கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித்தரம் அந்த வட்டாரத்து மற்றப் பள்ளிகளின் தரத்துக்காவது ஈடாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது பொறுப்பாளர்களின் கடமை. சமயத்தைக் காட்டிக் கணக்குப் பாடத்தைக் கைவிட முடியாது என்று பொருள்.

ஆகவே பெற்றோர் குழு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்கு முன்பே ஆயரைப் பார்க்க வேண்டும். அவர் உடனே இசைவு தராமல், சில ஆண்டுகள் நடத்திக் காட்டுங்கள் என்றும் சொல்லலாம். அதுவரைக்கும் 'கத்தோலிக்கப் பெற்றோர் நடத்தும் பள்ளி' என்ற அளவில்தான் பேச முடியும். அருகிலுள்ள பங்குப் பள்ளிக்கு ஏற்கெனவே மாணவர் குறைவு என்றால், புதிய பள்ளி அதன் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளுமே என்ற அச்சமும் ஆயருக்கு இருக்கும். அந்த அச்சம் நியாயமானதுதான். இரண்டு தமிழ்ப்பள்ளிகள் நான்கு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே பிள்ளைகளுக்காகப் போட்டி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அரசாங்கத்தின் பக்கம் வேலை வேறு. இலாப நோக்கமற்ற நிறுவனமாக மாநிலத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கூட்டரசு வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் விலக்கு வாங்க வேண்டும். அது இருந்தால்தான் நன்கொடையாளர் தம் வருமான வரியில் கழிவு கேட்க முடியும். தீயணைப்புச் சோதனை, சுகாதாரச் சோதனை, அந்த நிலத்தில் பள்ளி நடத்த உள்ளூராட்சி அனுமதி ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. அமெரிக்க ஆயர்கள் 2002இல் டல்லாஸ் நகரில் கூடி, சிறார் பாதுகாப்புக்கான சாசனத்தை ஏற்றார்கள். குருக்கள் சிலர் சிறார்களுக்கு இழைத்த கொடுமைகளும், அவை மறைக்கப்பட்டதும் அம்பலமான ஆண்டு அது. அதன்பின் பிள்ளைகளோடு பழகும் ஊழியர், தொண்டர் எல்லாருடைய பின்னணியையும் சோதிப்பது வழக்கமாயிற்று. புதிய பள்ளியின் திட்டத்தில் இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் எழுதினோம். சீனத் தோழர் இதில் பிடிவாதமாக நின்றார். அவர் நின்றது சரி.

வாரியம் என்றதும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளியைத் தொடங்கும் பெற்றோர்களே வாரியத்தில் அமர்வார்கள். அவர்களுடைய பிள்ளைகளே வகுப்பில் இருப்பார்கள். மகனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அப்பா வாரிய உறுப்பினராகப் பேசுவாரா, அப்பாவாகப் பேசுவாரா? ஆசிரியருக்கு இது பெரிய இடி. அதனால் வாரியத்தில் பாதிப் பேராவது பிள்ளைகளை அங்கே சேர்க்காதவர்களாக இருக்க வேண்டும், ஆசிரியர் நியமனத்தைத் தலைமையாசிரியரிடமே விட்டுவிட வேண்டும் என்று எங்கள் திட்டத்தில் வைத்தோம். தலைமையாசிரியரைப் பள்ளி திறப்பதற்கு ஓராண்டு முன்பே சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும் என்றும் சேர்த்தோம். மாணவரே இல்லாத ஆண்டில் ஒருவருக்குச் சம்பளமா என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போவது யார் என்று யோசித்த பிறகு ஒப்புக்கொண்டேன்.

இனி கணக்கு. இந்த எண்கள் நாங்களே வைத்துக்கொண்டவை. எந்தப் பள்ளியின் உண்மைக் கணக்கும் அல்ல. பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 15 பேர், மொத்தம் 60 பிள்ளைகள். ஆசிரியர் நால்வருக்கு ஆளுக்கு 45,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,80,000. தலைமையாசிரியருக்கு 65,000. அலுவலக ஊழியருக்கு 35,000. இசை, உடற்பயிற்சி போன்ற பகுதிநேர ஆசிரியர்களுக்கு 20,000. சம்பளம் மட்டும் 3,00,000 ஆகிவிட்டது. மருத்துவக் காப்புறுதியும் சம்பள வரியும் நான்கில் ஒரு பங்கு, அதாவது 75,000. கட்டட வாடகை 60,000. நூல், மேசை நாற்காலி, காப்புறுதி, மின்சாரம், துப்புரவு எல்லாம் சேர்த்து 65,000. மொத்தம் 5,00,000 டாலர். ஒரு பிள்ளைக்கு 8,333 டாலர் விழுகிறது.

அந்தத் தொகையை அப்படியே கட்டணமாகக் கேட்டால் மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் வராது. கட்டணம் 6,000 என்று வைத்தோம். 60 பேருக்கு 3,60,000. உடன்பிறந்தோர் கழிவு, ஏழைக் குடும்பத்துக்கு உதவி என்று 15 விழுக்காட்டைக் கழித்தால் கைக்கு வருவது 3,06,000. பள்ளம் 1,94,000. இதை விருந்து நடத்தியும், நன்கொடை கேட்டும், ஒவ்வோர் ஆண்டும் நிரப்ப வேண்டும். சரி, 60 பேர் வராமல் 45 பேர்தான் வந்தார்கள் என்றால்? வரவு 2,29,500 ஆகக் குறையும். செலவோ குறையவே குறையாது. வகுப்புக்கு நான்கு பிள்ளைகள் குறைந்தார்கள் என்பதற்காக ஆசிரியரில் கால்வாசியைக் குறைக்க முடியுமா? பள்ளம் 2,70,500 ஆகிவிடும். பதினைந்து காலி நாற்காலியின் விலை 76,500 டாலர். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு, எங்கள் பள்ளியின் 38 பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

கணக்கின் கடினத்தைக் கண்டு, "ஒரு பணக்காரர் பெரிய வைப்புநிதி போட்டுவிட்டால் போதுமே" என்றாள் மலாய்த் தோழி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. பிரான்சின் ரேம்ஸ் நகரத்தில் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் என்ற இளம் குரு இருந்தார். செல்வக் குடும்பம், பேராலயத்தில் வருமானமுள்ள பதவி. 1679 முதல் அந்நகரின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளின் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் தலையில் விழுந்தது. ஆசிரியர்கள் படிப்பும் மதிப்பும் குறைந்தவர்கள். அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். உறவினர் முகம் சுளித்தார்கள். அவர் ஆசிரியர்களிடம், எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொன்னபோது அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: பள்ளி மூடினாலும் உங்களுக்குச் சொத்து இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது? அவர் வாயடைத்துப் போனார். தம் சொத்தைப் பள்ளிகளுக்கு வைப்பாக எழுதி வைத்துவிடலாமா என்று நிக்கோலா பாரே என்ற துறவியிடம் ஆலோசனை கேட்டார். வைப்பை நம்பி நிற்கும் பள்ளி நிலைக்காது என்பது பாரேயின் கருத்து. லா சால் 1683இல் பதவியை விட்டார். அதையடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு அப்பமாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஆசிரியர்களில் ஒருவராகவே வாழ்ந்தார்.

இந்த முடிவு சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. குடும்பம் உள்ள ஆசிரியரை இன்று அப்படி வாழச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த ஆசிரியர்கள் கேட்ட கேள்வி மட்டும் எங்கள் திட்டம் முழுக்கக் கூடவே வந்தது. வாரியத்தில் இருப்பவர்களுக்குப் பள்ளி மூடினால் ஒரு கனவு போகும். ஆசிரியருக்குச் சோறு போகும். அதனால் ஆறு மாதச் சம்பளத்தைக் கையிருப்பில் வைக்காமல் பள்ளியைத் திறக்கக் கூடாது என்று எழுதி வைத்தோம்.

இந்த இருவரும் நமக்கு அந்நியர் அல்லர். லா சால் நிறுவிய சபையின் சகோதரர்கள் 1852இல் பினாங்குக்கு வந்து புனித சேவியர் பள்ளியைப் பொறுப்பேற்றார்கள். பாரே தொடங்கிய மரபில் வந்த குழந்தை இயேசு சபைச் சகோதரிகள் அதே 1852இல் பினாங்குக்கு வந்து, பின்னர் லைட் ஸ்திரீட் கான்வெண்ட் என்று பெயர் பெற்ற பள்ளியைத் தொடங்கினார்கள். இந்நாட்டில் கான்வெண்ட் என்ற சொல்லுக்கே அதுதான் வேர். சிரம்பானிலும் ஈப்போவிலும் கான்வெண்ட் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அரசு உதவித் திட்டத்துக்குள் வந்தபின் இத்தகைய பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது. பலவற்றின் நிலம் மட்டும் இன்னமும் சபையுடையதாகவோ வாரியத்துடையதாகவோ இருக்கிறது. நான் படித்த பள்ளியும் அப்படித்தான்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு இல்லை. ரோட் ஐலண்டும் பென்சில்வேனியாவும் சமயப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கைத் தர முன்வந்தபோது, அரசும் சமயமும் அளவுக்கு மீறிப் பின்னிக்கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தடுத்துவிட்டது. ஆனால் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்து, அவர்களாகவே பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் குற்றமில்லை என்று அதே நீதிமன்றம் 2002இல் கிளீவ்லண்ட் வழக்கில் சொன்னது. அந்த வழியே வளர்ந்து, அரிசோனா மாநிலம் 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்விச் சேமிப்புக் கணக்கை விரிவாக்கியது. ஓக்லஹோமாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புனித இசிடோர் என்ற பெயரில், அரசுப் பணத்திலேயே இயங்கும் இணையவழிக் கத்தோலிக்கப் பள்ளிக்கு 2023இல் அனுமதி தரப்பட்டது. 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2025 மே மாதத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிளவுபட, மாநிலத் தீர்ப்பே நின்றது. ஆக, புதிய பள்ளி எந்த மாநிலத்தில் எழுகிறது என்பதைப் பொறுத்து எங்கள் 1,94,000 டாலர் பள்ளம் பாதியாகலாம், அப்படியே இருக்கலாம். நாங்கள் கட்டணக் கணக்கில் அரசுப் பணத்தைச் சேர்க்கவில்லை. சட்டம் மாறினால் பள்ளி விழக்கூடாது என்று நினைத்தோம்.

எந்த வகுப்பில் தொடங்குவது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். கீழ் வகுப்புகளோடு தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறுவதுதான் வழக்கமான அறிவுரை. கத்தோலிக்கப் பள்ளிக்கு இதில் ஒரு தனிச்சிக்கல். 1910இல் பத்தாம் பயஸ் திருத்தந்தை முதல் நற்கருணை வாங்கும் வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தார். அதனால் அமெரிக்காவில் இரண்டாம் வகுப்பு ஆண்டே முதல் நற்கருணை ஆண்டு. அந்தச் சடங்கு குடும்பத்தின் பங்கில் நடக்க வேண்டும். தனித்தியங்கும் பள்ளிக்குச் சொந்தப் பங்கு கிடையாது. ஆகவே பிள்ளைகள் வரும் ஐந்தாறு பங்குகளின் குருக்களோடும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பேசாமல் விட்டால், பள்ளியில் ஓராண்டு படித்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியிலும் அதையே மறுபடி படிக்கும். ஐந்தில் ஒரு பிள்ளை அளவுக்குக் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் இப்பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அந்த நாளில் எங்கே அமரும் என்பதையும் யோசிக்க வேண்டும். மாதா சிலையைக் கடந்து திருநீற்றோடு போன எனக்கு அந்த இடத்தை எழுதுவது எளிதாக இருந்தது.

கட்டடத்துக்கு மட்டும் அங்கே வழி உண்டு. மூடப்பட்ட பங்குப் பள்ளிகளின் வகுப்பறைகள் பல ஊர்களில் காலியாகக் கிடக்கின்றன. குறைந்த உயரத்தில் கழுவுதொட்டி, சின்னப் பிள்ளைகளுக்கேற்ற கழிவறை, விளையாட்டுத்திடல் எல்லாம் தயாராக இருக்கும். பழைய கூரையையும் வெப்பமூட்டும் கருவியையும் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

பயிற்று மொழியைப் பற்றி எங்கள் அறிக்கையில் இரண்டே வரிதான் இருந்தது. நான் இங்கே கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். லா சால் காலத்தில் பிள்ளைகளுக்கு முதலில் லத்தீன் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பிப்பதே வழக்கம். அவர் அதை மாற்றித் தாய்மொழியான பிரெஞ்சில் தொடங்கினார். அவர் சொன்ன காரணம் உணர்ச்சிபூர்வமானது அல்ல, முழுக்க நடைமுறை. ஏழைப் பிள்ளைகள் சில ஆண்டுகளில் வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் லத்தீன் வராது, வந்தாலும் உதவாது. பேசும் மொழியில் வாசிக்கக் கற்றால் அது ஆயுளுக்கும் நிற்கும். அவருடைய சகோதரர்கள் பினாங்கில் நடத்தியது ஆங்கிலப் பள்ளி. பிள்ளைகளுக்கு அது வேலை வாங்கித் தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் சொன்ன காரணத்தை இந்நாட்டில் நூறு ஆண்டுக்கு மேல் செய்து காட்டியவை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் படைப்பு முடிந்ததும் விரிவுரையாளர் ஒரே கேள்வி கேட்டார். "உங்கள் பள்ளி மூன்றாம் ஆண்டில் மூடப்பட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?" எங்களிடம் பதில் இல்லை. அதற்கு ஐந்து மதிப்பெண் போயிற்று.

ஜூன் மாதம் மறுபடியும் எங்கள் பள்ளியில் கூட்டம். இந்தமுறை நான் ஒரு தாள் எடுத்துக்கொண்டு போனேன். பெயரைப் பற்றி அந்தப் பெரியவர் கேட்டதற்கு, "தாத்தா, பெயரைக் கொடுத்தவர்களிடமே முதலில் எழுதிக் கேட்போம். கேட்காமல் நாமே முடிவு செய்வது சரியில்லை" என்றேன். அந்தக் கடிதத்தை எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. தாளின் மறுபக்கத்தில் வேறொரு கணக்கு இருந்தது. புதிய தாமானில் பள்ளி வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் 24 பேர் இருப்பதை அம்மாவும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்து எண்ணியிருந்தோம். அவர்களில் எங்கள் பள்ளிக்கு வருவது மூவர்தான். ஏன் வரவில்லை என்று கேட்டபோது பெரும்பாலோர் பள்ளியைக் குறை சொல்லவில்லை. காலையில் கொண்டுவந்து விட ஆள் இல்லை என்றார்கள்.

பள்ளியை மாற்றுவதற்கு முன் ஒரு வேன் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மாதம் எவ்வளவு ஆகும் என்று வாரியத் தலைவர் திருப்பிக் கேட்டார். டீசல், ஓட்டுநர் சம்பளம், சாலை வரி, காப்புறுதி என்று நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டுநர் சம்பளம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.